பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

அக்கா இறந்து ஐந்தாம் மாதம், தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில், எதிர்வீட்டு மதினி என் அம்மாவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். பிளாஸ்டிக் குடம். உடையவில்லை. உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. வரிசையில் நின்ற யாரும் அதை எடுத்துத் தரவில்லை.

"ஒம் மக கைதவறித் தட்டக் கீள போட்டா, ஆறு உசுரு போச்சு. நீ இங்கன மொத ஆளா வந்து நிக்கிறீயாக்கும்?" என்றாள் மதினி.

நான்தான் ஓடிப்போய்க் குடத்தை எடுத்துவந்தேன். அதற்குள் எங்கள் முறை போய்விட்டது.

மதினி கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் குழம்புக் கிண்ணத்தோடு வந்தவள் அவள்தான். அவள் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என் அக்காவும் ஒரே பட்டாசுக் கம்பெனி. காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். இருவரும் அதில் ஏறிப்போவார்கள். அக்காவுக்குத் திரி செருகுகிற வேலை. அண்ணனுக்கு மருந்து கலக்குகிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனியில் வெடித்தது. இறந்த ஆறு பேரில் இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, அக்கா பெயரைச் சொல்லி, அவள் மருந்துத் தட்டைக் கீழே போட்டதால்தான் தீப்பிடித்தது என்று சொன்னவர் கம்பெனி போர்மேன். ஏன் அவள் பெயரைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். மறுநாள் பேப்பரில் 'பெண் தொழிலாளியின் கவனக்குறைவு' என்று வந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. காயம்பட்டுப் பிழைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு தேறியதும் அவர்கள் அதே முதலாளியிடம்தான் வேலைக்குப் போயாக வேண்டும்.

குடம் உருண்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா கேட்ட கேள்வி இதுதான்: "அவ திரி செருகுறவ. மருந்துத் தட்டு அவ கைக்கு எப்பிடி வந்துச்சு?"

பதில் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு ஃபைலில் இருக்கிறது என்று தெரியும். நான் அப்போது ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் செய்து பக்கம் அமைப்பது என் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி ஒரு கல்லூரிக்காகத் துண்டறிக்கை அடித்துக் கொடுத்திருந்தோம். பிழை திருத்தம் மூன்று முறை வந்ததால் எனக்கு அது மனப்பாடமாகியிருந்தது. எந்தக் குடிமகனும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில்.

பத்து ரூபாய்க்கு இவ்வளவா என்று அப்போது ஆச்சரியப்பட்டவள் நான்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பிரஸ் கம்ப்யூட்டரிலேயே மனுவை அடித்தேன். வெடிப்பு எந்த அறையில் தொடங்கியது? காரணம் என்ன என்று விசாரணை அறிக்கை சொல்கிறது? அந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்ய அனுமதி, அன்று எத்தனை பேர் இருந்தார்கள்? அதற்கு முன் கடைசியாக அரசு அதிகாரிகள் எப்போது அங்கே ஆய்வுக்கு வந்தார்கள்? நான்கே கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, ஒப்புகை அட்டை வைத்துத் தபாலில் அனுப்பினேன். அந்த அலுவலகம் எது என்று இங்கே எழுதப்போவதில்லை. சூலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரம், அவ்வளவுதான்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. 'கோரப்பட்ட தகவல் விசாரணையில் உள்ளதால் வழங்க இயலாது.' ஒரே வரி. அந்த வரிக்குக் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

அந்தப் பதில் எனக்கு வருவதற்கு நான்கு நாள் முன்பே வேறு ஒரு பதில் வந்துவிட்டது. பிரஸ் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். எப்போதும் நிற்கவைத்துப் பேசுகிறவர், அன்றைக்கு நாற்காலியைக் காட்டினார்.

"எம்மா, உக்காரு. நீ ஏதோ மனு போட்டிருக்கியாமே?"

"ஆமாண்ணாச்சி. அக்கா விசயமா."

"தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. நம்ம லேபிள் ஆர்டர்ல பாதி அந்தக் கம்பெனிக்காரவுககிட்ட இருந்துதான் வருது. அவுக ஆபீஸ் மேனேஜர் போன் போட்டாரு. ஒன் பேரு, வீட்டு விலாசம், நீ இங்கன வேல பாக்குறது, அம்புட்டையும் வரிசையாச் சொல்லுதாரு. ஒரு வார்த்த, தெரியாமப் போட்டுட்டேன், வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. விட்டுருவாக."

நான் கேட்ட நான்கு தகவலில் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. என்னைப் பற்றிய தகவல் எல்லாம் அவர்களிடம் போயிருந்தது. அதற்கு அவர்கள் ஸ்டாம்பு ஒட்டியிருக்க மாட்டார்கள்.

"எழுதிக் குடுக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இந்தச் சீசன் முடியட்டும்" என்றார். சீசன் முடிந்தது. ஆர்டர் குறைவு, ஆள் அதிகம் என்று மூன்று பேரை நிறுத்தினார். மற்ற இரண்டு பேரைத் தை மாதம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. எட்டு வருடம் வேலை பார்த்த இடம் அது. பாலிடெக்னிக் படிப்புக்கு அக்கா பணம் கட்டி, அந்தப் படிப்பால் கிடைத்த இடம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம். அம்மாவிடம், "ஆர்டர் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வேலை போனதும் எனக்குள் பிடிவாதம் வந்தது. மேல்முறையீடு செய்தேன். விசாரணை முடிந்து அறிக்கை கொடுத்தாகிவிட்டது என்று பேப்பரில் வந்த செய்தியை இணைத்தேன். அந்த முறை பதில் வேறு மாதிரி வந்தது. தகவல் தரலாம். ஆனால் கோரிய விவரங்கள் ஒரு ஃபைல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன; அது ஆயிரத்து நூற்று இருபத்துநான்கு பக்கம்; பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு ரூபாயை முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

நான் கேட்டது நான்கு வரி. அவர்கள் விற்க வந்தது ஒரு மூட்டை.

துண்டறிக்கை அடித்தபோது படித்த இன்னொரு வரி ஞாபகம் வந்தது. பதிவேடுகளை நேரில் போய்ப் பார்க்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதற்கு எழுதிப் போட்டேன். ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வரச் சொன்னார்கள். கடையில் லீவு கேட்டு, திருத்தங்கலில் பஸ் ஏறி, விருதுநகரில் மாறி, சூலக்கரையில் இறங்கிப் போனேன். பன்னிரண்டரை வரைக்கும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஃபைல் வேறு செக்‌ஷனில் இருக்கிறதாம்.

கடைசியில் ஐம்பது தாண்டிய கிளார்க் அம்மா ஒருவர் இரண்டு கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "போனை இங்கன குடுத்துருங்க. படம் எடுக்கக் கூடாது. வேணுங்கிற பக்கத்துக்கு நம்பர் குறிச்சுக் குடுங்க, காப்பி போட்டு அனுப்புவோம்" என்றார். கெட்ட குரல் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

முதல் இருபது நிமிடம் வீணாகப் போயிற்று. திறந்த இடத்தில் அக்காவின் பக்கம் வந்துவிட்டது. உடலில் கிடந்தவை என்று ஒரு பட்டியல். ஒரு ஜோடி கவரிங் தோடு. ஒரு சேஃப்டி பின். பஸ் டிக்கெட் ஒன்று. வேனில்தானே போவாள், பஸ் டிக்கெட் எதற்கு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் முதல் நாள் சாயங்காலம் எனக்குச் சுடிதார் துணி எடுக்க அவள் சிவகாசி போய்வந்தது நினைவுக்கு வந்தது. அழுதால் நேரம் போகும் என்று அழவில்லை. அப்படி நான் கணக்குப் பார்த்ததை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அறிக்கை இருநூற்று ஐந்தாம் பக்கத்தில் தொடங்கியது. இருநூற்று ஏழில் நான் தேடியது இருந்தது. வெடிப்பு தொடங்கியது பதினான்காம் அறையில். அங்கே மருந்து கலந்துகொண்டிருந்தபோது உராய்வு. அந்தக் கலவையைச் செய்தவர் என்று எதிர்வீட்டு அண்ணனின் பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் போட்டிருந்தது. அக்கா பக்கத்து அறையில், பதினைந்தில், திரி செருகிக்கொண்டிருந்தாள். சுவர் இடிந்து விழுந்து இறந்தாள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

மேலே புரட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கையால் எழுதியது. வெடிப்புக்கு மூன்று வாரம் முன்பு நடந்த ஆய்வுக் குறிப்பு. பதினான்காம் அறையில் நான்கு பேருக்குத்தான் அனுமதி, பதினோரு பேர் வேலை செய்கிறார்கள், எச்சரிக்கப்பட்டது என்று இருந்தது. அதன் கீழே வேறு மையில், நான்கு நாள் கழித்த தேதியில், 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து. வெடித்த அன்றைக்கும் அந்த அறையில் பதினோரு பேர் இருந்தார்கள் என்று இருநூற்று ஒன்பதாம் பக்கமே சொன்னது. அப்படியானால் எது நிவர்த்தியானது?

"ஒரு மணி நேரம் ஆச்சுங்க. இனிமே இருந்தா கட்டணம்" என்றார் கிளார்க் அம்மா.

இருநூற்று ஐந்திலிருந்து இருநூற்றுப் பத்தொன்பது வரை பதினைந்து பக்கம் என்று எழுதிக்கொடுத்தேன். முப்பது ரூபாய். அதைக் கையில் வாங்க மாட்டார்கள். பாங்கில் சலான் கட்டி ரசீது கொண்டுவர வேண்டும். பாங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். மறுநாள் இன்னொரு லீவு. முப்பது ரூபாய் கட்ட இரண்டு நாள் கூலி போயிற்று.

அங்கே பார்த்ததை ஒரு துண்டுத் தாளிலாவது நான் எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. காப்பிதான் வரப்போகிறதே என்று இருந்துவிட்டேன்.

காப்பி பதினெட்டு நாள் கழித்து வந்தது. கவரைப் பிரித்ததும் பக்க எண்ணைத்தான் பார்த்தேன். அது பிரஸ் புத்தி. பதினொன்றுக்கு அடுத்து பதின்மூன்று. பதினான்கு தாள்தான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து இருநூற்று ஏழாம் பக்கத்தைப் படித்துக்காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அக்கா பெயர் வருகிற இடத்தில் என் விரலை நகர்த்திவிட்டு அவள் விரலை வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"இங்கன போட்டிருக்கிறது எதுத்த வீட்டுத் தம்பி பேரா?"

"ஆமாம்மா."

"அவரு கையிலதான் பத்துச்சின்னு இருக்கா?"

"ஆமா."

தாளைத் தானே மடித்தாள். "பீரோவுல வையி. எம் மக மேல பளி இல்லன்னு எனக்குத் தெரிஞ்சாச்சு. அவளுக்கு இது தெரிய வேண்டாம். ரெண்டு பிள்ளைய வச்சிருக்கா."

நான் வைத்தேன். ஆனால் நான் என் அம்மா இல்லை. அந்தத் தாளுக்காக வேலை போனது எனக்குத்தான்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. தெருவில் ஒரு வீட்டில் சடங்கு. அம்மா வந்து உட்கார்ந்ததும், மதினி எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். போகிறபோது, "சில பேரு மூஞ்சியில முளிச்சாலே வெளங்காது" என்றாள். அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து தாளை எடுத்துவந்தேன். பந்தலுக்கு நடுவில் நின்று, கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்க்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தேன். அண்ணன் பெயரை, அவர் அப்பா பெயரை, அவர் வயதை. அரசாங்க முத்திரை இருக்கிறது பாருங்கள் என்று தாளைத் தூக்கிக் காட்டினேன்.

மதினி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுகளா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் கேட்டாளா, யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அம்மா என்னோடு எட்டு நாள் பேசவில்லை. தெரு என் அம்மாவிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பழியை எங்கள் வீட்டிலிருந்து எடுத்து எதிர்வீட்டு வாசலில் போட்டார்கள். மதினி குச்சி அடுக்கப் போய்வந்த தீப்பெட்டி ஆபீசில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க ஒருத்தி மறுத்தாளாம். அந்த விபத்தில் தம்பியை இழந்தவள் அவள். மதினியின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். என்ன சொல்லிக் கேலி செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தைகளைப் பந்தலில் நின்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மதினி ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்றாள். நான் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"எனக்கும் ஒரு மனு எளுதணும்" என்றாள்.

"என்ன கேக்கணும் மதினி?"

"அவுக சாகுறதுக்கு முந்தி ஒரு மாசமா வீட்டுக்கு வந்து சொல்லிக்கிட்டே இருந்தாக. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல பதினோரு பேரப் போட்டு நெருக்குதாக, கைய அசைக்க எடமில்ல, ஒருநா இல்ல ஒருநா மருந்து ஒரசிரும்னு. வேலைக்குப் போகாதீகன்னு நான் சொல்லல. பிள்ளைகளுக்கு ஃபீசு கட்டணும்னு சொன்னேன்." மேஜை அருகில் வந்தாள். "அவுக கையிலதான் பத்துச்சின்னா பத்திட்டுப் போகட்டும். பதினோரு பேர அங்கன ஏத்துனது யாரு? அத அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

அப்போதுதான் வராத பக்கத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது இருநூற்று ஏழாம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது என்று விட்டிருந்தேன். அதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை மேஜைமேல் வைத்தாள்.

"எளுது" என்றாள்.

அவள் பெயரில் எழுதினோம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் நகல் வேண்டும். பதில்: அப்படி ஒரு பக்கம் கோப்பில் இல்லை. மேல்முறையீடு செய்தோம். பதில்: இருநூற்று ஐந்து முதல் இருநூற்றுப் பத்தொன்பது வரை கோப்பில் உள்ள அனைத்துப் பக்கங்களும் ஏற்கெனவே வழங்கப்பட்டன. சென்னையில் இருக்கிற ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் மதினி வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளோடு மல்லாங்கிணறு பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவர்களுக்கு மழை பெய்தால் மட்டும் விளைகிற கொஞ்சம் காடு இருந்தது. என்னால்தான் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாகூடச் சொல்லவில்லை.

விசாரணைக்குக் கடிதம் வந்தபோது போன் பண்ணினேன். "வாரேன்" என்றாள். சென்னைக்குப் போக வேண்டியதில்லை, மாவட்டத்திலேயே ஓர் அறையில் உட்கார்ந்து டி.வி. பெட்டி வழியாகப் பேசலாம் என்றிருந்தது. மதினி அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். வெயிலில் கறுத்துப்போயிருந்தாள். எங்கள் முறை வந்து முடிய ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் எழுந்து, பக்க எண் இடும்போது ஏற்பட்ட தவறு, இருநூற்றுப் பதினொன்றுக்கு அடுத்து இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் தாவிவிட்டது, அப்படி ஒரு பக்கமே கிடையாது என்றார்.

நான் எழுந்தேன். "நான் பாத்தேன் சார். கையால எழுதின பக்கம். நாலு பேருக்கு அனுமதி, பதினோரு பேர் இருக்காங்கன்னு இருந்துச்சு."

திரையில் இருந்த ஆணையர் பொறுமையாகத்தான் கேட்டார். "அதுக்கு உங்ககிட்ட ஆதாரம் ஏதாவது இருக்காம்மா? குறிப்பு எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"மனுதாரர் நீங்க இல்லையே. மனுதாரர் யாரு?"

மதினி எழுந்து நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "நான்தான். என் வீட்டுக்காரருதான் செத்தாரு" என்றாள். "நம்பர் தப்பாப் போச்சுன்னு சொல்லுதாரு. போகட்டும். அந்த ரூம்ப அதுக்கு முந்தி யாராச்சும் வந்து பாத்தாகளா இல்லையா, அதச் சொல்லச் சொல்லுங்க."

"அது உங்க மனுவில கேட்ட தகவல் இல்லம்மா. அதுக்குத் தனியா மனு போடணும்" என்றார் திரையில் இருந்தவர்.

என் முதல் மனுவிலேயே நான்காவது கேள்வியாக அதைக் கேட்டிருந்தேன். ஃபைலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அதற்குப் பதில் தந்திருந்தார்கள். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த மனுவின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். மதினி கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எனக்கு நீட்டினாள். அப்போது அந்தக் கிளார்க் அம்மா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். அன்று நேரம் குறித்தவர், அலுவலரோடு கோப்புகளைத் தூக்கிவந்திருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்க பாத்தது நெசந்தாம்மா. அந்தப் பக்கம் இருந்துச்சு. நானும் பாத்திருக்கேன். மனசு கேக்கல, அதான் சொன்னேன். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிறாதீக. ரிட்டயராக ரெண்டு வருசந்தான் இருக்கு எனக்கு."

சொல்லிவிட்டு வந்த வழியே விறுவிறுவென்று போய்விட்டார்.

மதினி அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத அவுக எளுதித் தருவாகளா?" என்றாள்.

"மாட்டாக மதினி."

"அப்ப எதுக்கு வந்து சொன்னாக? நாம தெரிஞ்சுக்கிடவா? நமக்குத்தான் தெரியுமே." பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "அவுக நெஞ்சுல கெடந்த பாரத்த எறக்கி நம்ம தலையில வச்சிட்டுப் போறாக."

விருதுநகர் வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். பந்தலில் நான் படித்ததற்கு அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான்கைந்து முறை வாய் வரைக்கும் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் மல்லாங்கிணறு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினாள். படியில் நின்றபடி, "இன்னொன்னு போடணும்னா சொல்லு, வந்து கையெளுத்துப் போடுறேன்" என்றாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. இல்லாத தகவலை வழங்க உத்தரவிட இயலாது, மனு முடித்துவைக்கப்படுகிறது. அம்மா அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும், "அக்கா பேரு இதுல எங்கனயும் இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கம்பெனி இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. காலையில் நான் கடை திறக்கப் போகும்போது அதன் வேன் எதிரே வரும். உட்கார இடமில்லாமல் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக இருப்பார்கள். ஆறேழு பேருக்கு என் முகம் தெரியும், கை காட்டுவார்கள். அந்த அறையை முன்பே யாராவது வந்து பார்த்தார்களா என்று மதினி கேட்ட கேள்வியைத் தனி மனுவாக அடித்துப் போன மாதம் மல்லாங்கிணற்றுக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.